மரங்களுக்கு ஒரு புத்தாண்டு

தைப்பூச முழுநிலவு ஹுன்னஸ்கிரிய மலைமுகட்டில் எழும் நாளையொட்டியே பெரும்பாலும் யூத மக்களின் சிறுவிழாவொன்றும் வருகின்றது. ‘தூ பிஷ்வாத்’ என்பது அதன் பெயர். ‘ஷெவாத் மாதத்துப் பதினைந்தாம் நாள்’ என்பது பொருள். அதனை மரங்களின் புத்தாண்டு என்பர்.

இதன் தோற்றுவாயைத் தேடுவோமாயின் நாம் காண்பது ஒரு கணக்கு நாள். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் சட்டநூல் நான்கு புத்தாண்டுகளைக் கூறுகின்றது. அவற்றுள் மரங்களுக்குரியதை ஷம்மாய் வழியினர் ஷெவாத் முதல் நாளென்றனர். ஹில்லேல் வழியினர் பதினைந்தாம் நாளென்றனர். பின்னவர் கூற்றே நிலைத்தது. ஆண்டு மழையின் பெரும்பகுதி பெய்து ஓய்ந்து, மரங்கள் புதுக் காய்ப்புக்கு ஆயத்தமாகும் பருவம் அது. அந்நாளுக்கு முன் பிடித்த காய் சென்ற ஆண்டுக்கும், பின் பிடித்தது புதிய ஆண்டுக்கும் உரியதாகும்.

இக்கணக்கு எதற்கு? விளைவில் பத்திலொரு பங்கைப் பிரித்தளிப்பதற்கு. ஏழாண்டுச் சுற்றின் மூன்றாம், ஆறாம் ஆண்டுகளில், லேவியரின் பங்கு போக, மற்றொரு பங்கு ஏழைகளைச் சேரும். ஆண்டு மாறினால் பங்குக்குரியவரும் மாறுவர். ஆகவேதான் காய்க்கும் ஆண்டுக்கணக்கு வேண்டியிருந்தது. ஏழையின் பங்கு, கொடுப்பவனின் இரக்கத்தைப் பொறுத்து நிற்கவில்லை. அது நாள் குறித்து, அளவு குறித்துச் செலுத்த வேண்டிய கடன்.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்து, மக்கள் நாடு நாடாகச் சிதறியபின் கணக்கு மங்கியது. கனியுண்ணும் வழக்கம் எஞ்சியது. 1890இல் ஸீவ் யாவெட்ஸ் என்னும் ஆசிரியர் பாலஸ்தீனத்தின் ஸிக்ரோன் யாகோவ் குடியேற்றத்தில் மாணவரைக் கொண்டு அந்நாளில் மரம் நடுவித்தார். நாளடைவில் மரநடுகை தேசப்பணியாயிற்று. 1948இல் தம் ஊர்களை இழந்த பாலஸ்தீனரின் இடிந்த சிற்றூர்கள் பலவற்றின்மீதும் நடுகைக் காடுகள் எழுந்தன. பங்கைக் காக்கத் தோன்றிய மரக்கணக்கு, உரியவனின் சுவட்டையே மறைக்கும் மரமாகவும் மாறக்கூடும் என்பதை வரலாறு காட்டிற்று.

நம் மலைநாட்டிலும் மரக்கணக்கு உண்டு. 1841இல் புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில் சீனத் தேயிலைச் செடிகளை நட்ட மொரிஸ் வொர்ம்ஸ் யூதக் குடும்பத்தவர். அங்கும், ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்தியரும் திறந்த ஏனைய தோட்டங்களிலும் முறை ஒன்றே: செடிக்கு வயதுக்கணக்கு இருந்தது, காடழித்து நட்டவனுக்குப் பங்குக்கணக்கு இல்லை. அவன் பெயர் செக்ரோலில் இருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்பின் நாட்டின் பதிவேட்டில் இல்லாது போயிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு எஞ்சியோருக்கும் குடியுரிமை கிட்டியது. ஆயினும் லயத்தில் வாழ்வோரில் மிகப் பலருக்கு, தாம் குடியிருக்கும் மண் இன்னும் சொந்தமன்று.

கொழுந்துக்கு நிறை போடத் தெரிந்த நாட்டுக்கு, கொய்தவரின் பங்குக்கு நாள் குறிக்கத் தெரியாதா? தைப்பூச நிலவின்கீழ் நாம் சேர்ந்து கேட்கவேண்டிய கேள்வி இது.