புதுமைதாசன்

சிங்கப்பூர் எழுத்தாளர் பி. கிருஷ்ணனின் (பிறப்பு 1932) புனைபெயர். புதுமைப்பித்தன் மீதுள்ள பற்றால் சூட்டிக்கொண்டது. வானொலியில் நெடுங்காலம் பணியாற்றினார். அடுக்குமாடிக் குடியிருப்பு வாழ்வைச் சொன்ன ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ தொடர் நாடகத்தால் வீடுதோறும் அறிமுகமானார். ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’, ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ ஆகியவற்றைத் தமிழாக்கியவர். ‘மெக்பெத்’ நாடகத்தில், மெக்பெத்தைக் கொலைக்குத் தூண்டிய அவன் மனைவியே பின்னர் தூக்கத்தில் நடந்து, கையில் இல்லாத இரத்தக்கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். பேராசையும் குற்றவுணர்வும் ஒரே பாத்திரத்தில் மோதும் இந்த இடமே நாடகத்தின் உயிர்நிலை. குரலை மட்டுமே நம்பிப் பாத்திரங்களை வார்த்துப் பழகிய வானொலிக்காரரான கிருஷ்ணன் கையில் அந்நாடகம் தமிழுக்கு வந்தது வாசகர் பெற்ற பேறு. 2008இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் பெற்றார்.