அரசர் செலவில் ரோம் பயணம்... சிற்பிகளுக்கான 305 வருட ஸ்காலர்ஷிப்பின் கதை!

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், மலை உச்சியில் கைகளை விரித்து நிற்கும் பிரமாண்ட இயேசு சிலையை நீங்கள் போட்டோவிலாவது பார்த்திருப்பீர்கள். அதை உருவாக்கிய பிரெஞ்சுச் சிற்பி பால் லாண்டவ்ஸ்கி, 1900-ல் ஒரு ஸ்காலர்ஷிப் ஜெயித்து ரோமுக்குப் போனவர். அதன் பெயர் 'ரோம் பரிசு'.

ஆரம்பித்து வைத்தவர் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி. வருடம் 1663. மூன்று வருடங்களில் ரோம் நகரிலேயே பிரெஞ்சு அகாடமி ஒன்றும் தொடங்கப்பட்டது. முதலில் 12 பேருக்குத்தான் இடம். 6 ஓவியர்கள், 4 சிற்பிகள், 2 கட்டடக் கலைஞர்கள்.

மன்னர் சும்மா செலவழிப்பாரா? ரோமின் பழங்காலச் சிலைகளைப் பார்த்து அச்சு அசலாக நகல் செய்ய வேண்டும். அவை மன்னரின் அரண்மனைகளுக்குப் போகும். மாணவர்களுக்குப் படிப்பு, மன்னருக்குச் சிலை!

பூட்டிய அறைக்குள் பரீட்சை

ஜெயிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லைங்க. 19-ம் நூற்றாண்டில், போட்டியாளர் பிரான்ஸ் குடிமகனாக, 30 வயதுக்கு உட்பட்டவராக, கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும். பைபிளிலிருந்தோ, கிரேக்க, ரோமானியக் கதைகளிலிருந்தோ தலைப்பு கொடுப்பார்கள். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களைத் தனித்தனி அறைகளில் அடைத்துவிடுவார்கள். முதலில் போட்டுக்கொடுத்த மாதிரியிலிருந்து கடைசியில் விலகவும் முடியாது.

ஜெயித்தால் 3 முதல் 5 வருடங்கள் வரை அரசு செலவில் ரோம் வாழ்க்கை. 1803 முதல் தங்குமிடம், குன்றின் மேல் இருக்கும் வில்லா மெடிச்சி மாளிகை.

ஏழை வீட்டுப் பிள்ளைகள்

இந்த ஸ்காலர்ஷிப் சாதித்தது இங்கேதான். 1761-ல் ஜெயித்த ஊதோனின் அப்பா, ஒரு கலைப்பள்ளியின் காவலாளி. ஊதோன் ரோமில் இருந்தபோது, தோலை உரித்தால் தசைகள் எப்படித் தெரியும் என்று காட்டும் மனித உருவம் ஒன்றைச் செய்தார். அதன் நகல்கள் பிறகு பல நாட்டு ஓவியப் பள்ளிகளில் பாடப்பொருளாகின.

1854-ல் ஜெயித்த கார்ப்போ, கொத்தனார் மகன். படிப்பில் சேர்ந்து 10 வருடங்கள் கழித்துத்தான் பரிசு கிடைத்தது. பசியால் சாகும் பிள்ளைகளுக்கு நடுவே தவிக்கும் அப்பா உகோலினோவை அவர் ரோமில் செய்தபோது, 'இது நம்ம விதிகளுக்கு ஒத்துவராது' என்று அகாடமி முறைத்தது. அவர் மசியவில்லை. கடைசியில் அதே சிலையை வெண்கலத்தில் வார்க்கச் சொன்னது பிரான்ஸ் அரசு!

ஜெயித்தும் போக முடியாதவர் உண்டு. கணப்படுப்பு செய்பவரின் மகனான ரூத் 1812-ல் ஜெயித்தார். நெப்போலியன் காலப் போர்களால் கஜானா காலி. ரோம் பயணம் நடக்கவே இல்லை. பாரிஸின் வெற்றி வளைவில் ஆவேசமாகக் கத்தியபடி வீரர்களை அழைக்கும் பெண் உருவம் இருக்கிறதே... அது அவர் செதுக்கியதுதான். கார்ப்போவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவரும் இவரே.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

'சிந்தனையாளர்' சிலை புகழ் ரோடின், இந்தப் போட்டிக்கு வாசலாக இருந்த பாரிஸ் கலைப்பள்ளியின் நுழைவுத் தேர்விலேயே 3 முறை தோற்றார். பிறகு 1875-ல் சொந்தச் செலவில் இத்தாலிக்குப் போய் மைக்கேலேஞ்சலோவின் சிலைகளைப் பார்த்தார். அவருடைய பாதையே மாறியது.

பெண்களுக்கோ தேர்வு எழுதித் தோற்கும் வாய்ப்புகூட இல்லை. அந்தக் கலைப்பள்ளி பெண்களைச் சேர்த்தது 1897-ல். ரோம் பரிசுப் போட்டியில் அனுமதித்தது 1903-ல். ரோடினோடு வேலை பார்த்த அபாரமான சிற்பி கமீல் க்ளோடெல் பிறந்தது 1864-ல். கணக்குப் போட்டுப் பாருங்கள். கதவு திறந்தபோது அவர் 30 வயது வரம்பை எப்போதோ தாண்டியிருந்தார்.

சிற்பப் பிரிவில் முதல் பரிசை வென்ற முதல் பெண் லூசியென் எவல்மான்ஸ். வருடம் 1911. ஸ்காலர்ஷிப் தொடங்கி 248 வருடங்கள் ஆகியிருந்தன!

1968-ல் முற்றுப்புள்ளி

பாரிஸ் மாணவர் போராட்டம் வெடித்த 1968-ல், கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ இந்தப் போட்டியை நிறுத்தினார். ஆனால், வில்லா மெடிச்சி மூடப்படவில்லை. பூட்டிய அறை, ஒரே தலைப்பு எல்லாம் போய், இப்போது விண்ணப்பம் வழியாகக் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்துத் தங்கவைக்கிறார்கள்.

நீங்களும் ஏதாவது ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கப்போகிறீர்களா? எவ்வளவு பணம் என்று பார்ப்பதற்கு முன்னால், வயது வரம்பையும் யாரெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்ற பத்தியையும் முதலில் படியுங்கள். கமீலைத் தடுத்தது திறமைக்குறைவு இல்லை, அந்தப் பத்திதான்.