லொறி ரயரில் வெட்டிய புஷ்

பழைய கார் வைத்திருக்கும் மட்டக்களப்பார் அனைவரும் ஒரு சத்தத்தை அறிவர். ஒரு பக்கச் சில்லு மட்டும் குழியில் இறங்கி ஏறும்போது முன்பக்கத்திலிருந்து 'டொக்' என்று கேட்கும். எங்கள் வீட்டு ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ60 முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சத்தத்தோடுதான் ஓடியது. அதை நாங்கள் ஒரு குறையாகவே எண்ணவில்லை. சென்ற மாதம் களுவாஞ்சிக்குடி தாண்டிய பின் வீதியில் குறுக்கிட்ட மாடொன்றுக்காகச் ஸ்ரீயறிங்கை ஒடித்தேன். கார் ஒரு பக்கமாகச் சரிந்து, நிமிர மறுப்பதுபோல் ஒரு கணம் நின்றது. பின்னாசனத்தில் பேத்தி இருந்தாள். மாடு தப்பியது, நாங்களும் தப்பினோம். காரின் அடியில் படுத்துப் பார்த்த என் மருமகன், "மாமா, ஸ்ரெபிலைசர் பாரையும் புஷ்ஷையும் மாத்தாம இனி இந்தக் காரை வெளிய எடுக்கப்படாது" என்று சொல்லிவிட்டான்.

அந்தக் கம்பியின் கதை சுவையானது. கனடாவின் பிரடெரிக்ரன் நகரைச் சேர்ந்த ஸ்ரீபன் கோல்மன் என்பவர் 1919 ஏப்ரலில் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். ஆயினும், அதற்குப் பின்னர் நெடுங்காலம் பெரும்பாலான கார்களுக்கு இது தேவைப்படவில்லை. முன்னச்சும் பின்னச்சும் ஒற்றை உருக்குத் தண்டுகளாய், விறைத்த பட்டை வில்களின்மீது கிடந்த காலம் அது. பயணிகளின் முதுகு நொந்தது. கார் அதிகம் சாயவில்லை. 1930களில் முன்சில்லுகள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பும் மென்மையான சுருள்வில்லும் பரவின. பயணம் சுகமாயிற்று, வளைவுகளில் கார் சாயத் தொடங்கிற்று. சுகத்துக்குக் கொடுத்த விலையைத் திருப்பி வாங்க வந்ததுதான் இந்த வளைந்த கம்பி.

இது வேலை செய்யும் விதம் எளிது. ப வடிவில் வளைத்த வில்லுருக்குக் கம்பியின் இரு நுனிகளும் இரு பக்கத்துக் கீழ்க்கைகளோடு பிணைக்கப்பட்டிருக்கும். அதன் நடுப்பகுதியை இரண்டு இறப்பர் புஷ்கள் காரின் உடலோடு பிடித்திருக்கும். இரு சில்லுகளும் ஒன்றாக ஏறினால் கம்பி சும்மா திரும்பும். ஒன்று மட்டும் ஏறினால் கம்பி முறுகும். முறுக்கை எதிர்த்து மற்றப் பக்கத்தையும் தன்னோடு இழுக்கும். நம்மவர்கள் பலர் மொரிஸ் மைனரின் ரோர்ஷன் பாரையும் இதையும் ஒன்றெனக் கருதுவதுண்டு. இரண்டும் முறுகும் கம்பிகளே. ஆனால் அலெக் இசிகோனிஸ் 1948இல் வெளிவந்த மைனருக்கு வைத்த கம்பி காரின் பாரத்தையே சுமப்பது. ஸ்ரெபிலைசர் எந்தப் பாரத்தையும் சுமப்பதில்லை. கார் சாயும்போது மட்டும் விழித்துக்கொள்ளும்.

பிரித்தானிய மோட்டோர் கூட்டுத்தாபனம் இத்தாலியின் பினின்பரினாவைக் கொண்டு வரைவித்த வால்செட்டை வைத்த கார்கள் 1959இல் வந்தன. 1961இல் அவற்றைத் திருத்தியபோது 1489 கன சென்ரிமீற்றர் எஞ்சினை 1622 ஆக்கினார்கள். சில்லுகளுக்கிடையிலான அகலத்தையும் சற்றுக் கூட்டி, சாய்வைக் குறைக்க முன்னும் பின்னும் ஸ்ரெபிலைசர்களைப் பொருத்தினார்கள். அதுவே ஏ60. என் தந்தையார் 1969இல், கொழும்பில் ஒரு கம்பனி உத்தியோகத்தரிடமிருந்து பழையதாக அதை வாங்கினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் அதன் உற்பத்தி நின்றுபோனது. தகட்டில் இருந்த சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் பற்றி அவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் நடந்த விவாதங்களை எழுதினால் அது வேறொரு கட்டுரையாகிவிடும்.

இலங்கையில் இத்தகைய கார்கள் இவ்வளவு காலம் உயிர் வாழ்ந்தமைக்கு நமது பாசம் காரணமன்று. 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடி கார் இறக்குமதியை நெரித்தது; 1970 தொடக்கம் 1977 வரை அது மேலும் இறுகியது. உள்ளதைக் காப்பாற்றுவதன்றி வேறு வழியில்லை. இதில் எனக்கு எப்போதும் நகைப்பூட்டுவது இறப்பர் விவகாரம். 1876இல் பிரேசில் விதையிலிருந்து முளைத்த கன்றுகள் இங்கிலாந்தின் கியூ தோட்டம் வழியாக நமது ஹெனரத்கொடைக்கு வந்தன. 1952இல் சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கினோம். அப்படிப்பட்ட நாட்டில், கட்டைவிரல் அளவுள்ள இறப்பர் புஷ் ஒன்றுக்காகக் கொழும்புக் கடைக்காரருக்குக் கடிதம் எழுதி மாதக்கணக்கில் காத்திருந்தார் என் தந்தையார். 1977இன் திறந்த பொருளாதாரம் அந்தக் காத்திருப்பை முடிக்கவில்லை. அது கொண்டுவந்தது ஜப்பானியக் கார்களையும் அவற்றின் உதிரிகளையுமே.

1978 நவம்பர் சூறாவளியில் தென்னை விழுந்து கூரை நெளிந்தது. அதைத் தட்டி நிமிர்த்தினோம்.

பிறகு 1990. அந்த ஆண்டு ஜூனில் போர் மீண்டும் வெடித்தபின் எங்கள் பகுதிக்கு உதிரிப்பாகம் என்ற சொல்லே அந்நியமாயிற்று. யாழ்ப்பாணத்தில் ஏ40களும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடிய கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். வாவிக்கரையில் அவ்வளவு பேசப்படாத வேறொரு கைவண்ணம் இருந்தது. கல்லடியில் லேத் வைத்திருந்த ஒருவரை நாங்கள் 'அண்ணர்' என்றே அழைப்போம். 1991இல் எங்கள் காரின் புஷ்கள் தூளாகி, கம்பி கழன்று தொங்கிய நிலையில் அவரிடம் கொண்டுபோனேன். கழித்த லொறி ரயரொன்றின் தடித்த பகுதியை எடுத்து, சவர்க்கார நீரில் நனைத்த கத்தியால் நான்கு கட்டைகள் வெட்டினார். நடுவில் துளையிட்டு, ஒரு பக்கம் பிளந்து, கம்பியில் மாட்டிப் பட்டியால் இறுக்கினார். "இது உங்களுக்குப் பிறகும் கிடக்கும் தம்பி" என்றார். கூலி வாங்கவில்லை, அக்காலத்தில் அந்தக் கார் யாருக்காக ஓடியது என்பது அவருக்குத் தெரியும். மண்முனைத் துறையில் படுவான்கரையிலிருந்து வந்திறங்கும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் காய்ச்சல்காரரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வாகனங்களுள் அதுவும் ஒன்று.

ரயர்க் கட்டை நல்ல புஷ் அன்று என்பதை இப்போது அறிகிறேன். உண்மையான புஷ் கம்பியைப் பற்றிக்கொண்டு தானும் முறுகும். ரயருக்குள் நூலடுக்குகள் இருப்பதால் அது முறுகாது. கம்பிதான் துளைக்குள் உரசிச் சுழலும். அந்த இடுக்கில் கடற்கரை மணலும் உப்பும் புகுந்தால் அது அரம் போல் அராவும். மருமகன் கம்பியைக் கழற்றியபோது புஷ் இருந்த இரண்டு இடங்களிலும் அது கழுத்துப்போல் இளைத்திருந்தது. அத்தனை ஆண்டுகள் அது முறியாமல் இருந்தமைக்கு விளக்கம் ஒன்றே. போர்க்காலத்தில் எவரும் அந்தக் கம்பியிடம் வேலை வாங்கவில்லை. குண்டுங்குழியுமான வீதி, சோதனைச்சாவடிக்குச் சோதனைச்சாவடி நிறுத்தம், 1924இன் ஒடுங்கிய கல்லடி இரும்புப் பாலம்; இவற்றில் வேகம் ஏது, சாய்வு ஏது? போருக்குப் பின் காபெற் வீதி வந்தது. 2013இல் புதிய கல்லடிப் பாலமும் 2014இல் துறைக்குப் பதிலாக மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டன. வீதி திருந்தியதும் நாங்கள் விரைந்தோம். 1991இன் புஷ்ஷோடு.

மருமகன் இக்காலத்துப் பிள்ளை. ஜப்பானிய வானொன்றின் தடித்த கம்பியைத் தேடிவைத்துப் பொலியூரித்தேன் புஷ்களோடு பூட்டலாம் என்றான். இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கோடு ஏறும். 16 மில்லிமீற்றர் கம்பிக்குப் பதில் 19 மில்லிமீற்றர் கம்பியைப் போட்டால், பார்வைக்கு அற்ப வித்தியாசம். விறைப்போ ஏறத்தாழ இரு மடங்கு. முன்பக்கம் அவ்வளவு விறைத்தால் கார் சாய்வது குறையும், ஆனால் வளைவில் திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். ஒரு சில்லின் குழி மற்றச் சில்லையும் உலுக்கும். எனக்கிருந்த பெரிய அச்சம் வேறு. ஏ60க்குத் தனியான சசி இல்லை, உடலே சசி. வாவிக் காற்று அறுபது ஆண்டுகளாகத் தின்ற அந்தத் தகட்டில் இரு மடங்கு இழுவையைக் கட்டினால் பட்டி தகட்டோடு பிய்ந்து வரும். ஒட்டோ பேயர் 1937இல் கண்டறிந்த பொலியூரித்தேன் எண்ணெய்க்கும் உப்புக்கும் அசையாது, உண்மைதான். கிறீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். இறப்பரின் நெகிழ்வும் அதற்கு இல்லை.

இரண்டு நாள் வாதாடினோம். முடிவில், தேயாத இடத்தில் அளவெடுத்து அதே தடிப்பில் கொழும்பில் ஒரு வில் பட்டறையில் புதுக் கம்பி செய்வித்தான். நடுப் புஷ்கள் பஞ்சிகாவத்தையில் தேடியெடுத்த அச்சில் வார்த்த இறப்பர். நுனி இணைப்புகளில் மட்டும், அவனுடைய விருப்பப்படி, பொலியூரித்தேன். தகட்டின் துருப்பிடித்த இடத்துக்கு உள்ளிருந்து ஒரு தகடு ஒட்டினோம். காரை ஜாக்கிலிருந்து இறக்கி, சில்லுகள் தரையில் பாரம் ஏந்தியபின்னரே பட்டி ஆணிகளைக் கடைசியாக இறுக்க வேண்டும் என்றான். தொங்கும்போதே இறுக்கினால் இறப்பர் முறுகிய நிலையிலேயே பிடிபட்டு விரைவில் கிழியுமாம். அண்ணரும் அப்படித்தான் செய்தார் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

அவர் 2004 டிசம்பர் 26 காலையில் கல்லடியில் இருந்தார். லேத்தும் அவரும் போனார்கள். லேத்தின் அடித்தளம் மட்டும் பின்னர் மணலுக்குள் கிடைத்தது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீளத் திறந்தது. அந்த இடைவெளியில் ஏ60ஐ விற்கச் சொல்லி என்னிடம் மூவர் வந்தார்கள். விற்கவில்லை. கழற்றிய நான்கு கட்டைகளும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஒன்றில் லொறி ரயரின் வரிப்பள்ளம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அண்ணரின் பட்டறையோ, மண்முனைத் துறையில் வரிசையில் நின்ற கார்களோ தெரியும் பழைய புகைப்படம் எவரிடமாவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். என்னிடம் ஒன்றுகூட இல்லை.