தாளும் காசும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் சிறுமதிப்புப் பணம்

தமிழ் வழக்கில் காசின் தகுதியை அறுதியிட்டு உரைக்கும் வினைச்சொற்கள் ‘செல்லும்’, ‘செல்லாது’ என்னும் இரண்டேயாம். எடை, மாற்று, முத்திரை ஆகிய யாவும் செவ்வனே அமைந்திருப்பினும், அடுத்தவர் கைக்குச் செல்லாத காசு செல்லாக் காசே. சோழர் கல்வெட்டுக்களில் ‘அன்றாடு நற்காசு’ என்னும் தொடர் பயின்று வருதலை ஆராய்ச்சியாளர் அறிவர். நற்காசு என்றதனோடு அமையாது, அந்நாளில் வழங்கும் காசு என்றும் வரைந்து கூற வேண்டிய தேவை அக்காலத்தேயே இருந்தமை இத்தொடரால் புலனாகும். அரசு பொறிக்கும் முத்திரை ஒன்று. அங்காடியிற் செல்லுதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒத்தும் பிரிந்தும் நடந்த வரலாற்றை, சிறுமதிப்புத் தாள்கள் காசாக மாறிய செய்தியைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். நிலைக்களம், 1993ஆம் ஆண்டுவரை தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதிகளாக இருந்த விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்.

இவ்வட்டாரத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. இவ்விரண்டு ஊர்களும் சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருவழியில் அமைந்தவை. அதே வேளையில் புதுச்சேரியின் எல்லைக்கு அணித்தானவை. எனவே ஆங்கிலேயர் நாணயமும் பிரெஞ்சுக்காரர் நாணயமும் இங்கே எதிர்ப்பட்டன. 1736இல் ஆர்க்காட்டு ரூபாயை அடிக்கும் உரிமையைப் பிரெஞ்சுக்காரர் நவாபிடமிருந்து பெற்றனர். ரூபாய் அளவில் இரு தரத்தார்க்கும் பெரிய வேறுபாடு இல்லை. சிறு காசிலேதான் வேறுபாடு தோன்றிற்று. சென்னைக் கணக்கில் ஒரு வராகன் 42 பணம். மூன்றரை ரூபாய் ஒரு வராகன் என 1818இல் அரசு வரையறுத்தமையால் ஒரு ரூபாய்க்குப் பன்னிரண்டு பணம் ஆயிற்று. புதுச்சேரிக் கணக்கிலோ ஒரு ரூபாய்க்கு எட்டே பணம். ஒரு பணத்துக்கு மூன்று துட்டு. ஒரு துட்டுக்கு இருபது காசு. ‘பணம்’ என்னும் ஒரே சொல் ஒரு நாள் நடைத்தொலைவுக்குள் இருவேறு அளவைக் குறித்தமை நோக்கற்பாலது. புதுச்சேரியில் அடிக்கப்பெற்ற செப்புத் துட்டில் அவ்வூரின் பெயர் தமிழ் எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. துட்டு என்னும் சொல் டச்சுக்காரரின் சிறு செப்புக்காசின் பெயரினின்றும் வந்ததென்பர். அயல்நாட்டார் மூவர் காசும் புழங்கிய கடற்கரையில் அச்சொல் தமிழ்ச்சொல்லேபோல் வேரூன்றிவிட்டது.

காசு மாற்றுவார்க்கு இவ்வேறுபாடு ஊதியம். மாற்றும்பொழுது கழித்துக்கொள்ளும் தொகைக்கு ‘வட்டம்’ என்பது பெயர். சங்கப் புலவர் சிலர்க்கு அடைமொழியாக நின்ற ‘வண்ணக்கன்’ என்னும் சொல்லும், பிற்காலத்துச் ‘சராப்பு’ என்னும் சொல்லும் நாணய நோட்டம் ஒரு தனித்தொழிலாக நெடுங்காலம் நிலவியதைக் காட்டுவன. பெருந்தொகை வைத்திருப்பவன் நோட்டக்காரனிடம் ஒருமுறை வட்டம் கொடுத்து விடுபடுவான். நாட்கூலி பெறுபவனோ பெற்ற ஒவ்வொரு சிறு காசிலும் அதனைக் கொடுத்தாக வேண்டும். சிறுமதிப்புப் பணத்தில் அரசு செய்யும் எந்த மாற்றமும் இவன் தலையிலேயே முதலில் இறங்குகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வட்டாரத்தின் பணத்தேவையை மிகுவித்தது நிலக்கடலை. வட்டார வழக்கில் மணிலாக்கொட்டை, மல்லாட்டை என வழங்கும் அப்பயிர், புதுச்சேரித் துறையின் வழியாகப் பிரான்சு நாட்டு மார்சேல் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு ஏற்றுமதியாயிற்று. விழுப்புரத்தையும் புதுச்சேரியையும் இணைத்த இருப்புப்பாதை 1879இல் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கடலை வகைகள் ‘டி.எம்.வி.’ என்று அவ்வூரின் பெயரையே தாங்கி நாடெங்கும் பரவின. பறிப்புக் காலத்தில் பலர்க்குச் சிறுசிறு தொகையாகக் கூலி கொடுக்க வேண்டியிருத்தலின், வணிகர்க்கு வேண்டியது பெரிய தாள் அன்று. வெள்ளி ரூபாயும் அதனினும் சிறிய சில்லறையுமே.

அரசின் தாட்பணம் 1861ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. தொடக்கத்தில் பத்து ரூபாய்க்குக் குறைந்த தாள் இல்லை. ஐந்து ரூபாய்த் தாள் 1870களில் தோன்றிற்று. நாடு நாணய வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தமையால் ஒரு வட்டத்துத் தாள் வேறு வட்டத்தில் சட்டப்படி செல்லாதாயிற்று. இக்கட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் படிப்படியாக நீங்கிற்று. சின்னாட் கூலியாகப் பெறுவார்க்கு ஐந்து ரூபாய் ஒரு பெருந்தொகை. ஆதலின் உழவர் கைக்குத் தாள் எட்டவில்லை என்றே கொள்ளலாம்.

எட்டச் செய்தது முதல் உலகப்போர். வெள்ளியின் விலை ஒரு அவுன்சுக்கு 43 பென்சைக் கடந்தபொழுது, ரூபாயில் அடங்கிய வெள்ளி அதன் செலாவணி மதிப்பினும் மிக்கதாயிற்று. உருக்கினால் ஊதியம் என்னும் நிலை வந்தமையின், நாணயத்தை உருக்குதலை அரசு 1917இல் குற்றமாக்கிற்று. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒரு ரூபாய்த் தாள் வெளிவந்தது. அடுத்து இரண்டு ரூபாய் எட்டணாத் தாள் ஒன்றும் வந்தது. இந்திய நாணய வரலாற்றில் இதற்கு இணையான விந்தை மதிப்பு வேறில்லை. 1918இல் அமெரிக்க நாடு பிட்மன் சட்டத்தின்வழித் தன் வெள்ளி டாலர்களை உருக்கி விற்ற பின்னரே இந்தியக் கருவூலத்தின் வெள்ளித்தட்டுப்பாடு தணிந்தது. தட்டுப்பாடு நீங்கியதும் அரசு கணக்குப் பார்த்தது. சிறுமதிப்புத் தாள் கைமாறுந்தோறும் கசங்கிக் கிழிவது. அச்சிடும் செலவோ பெரிய தாளுக்கு ஆவதனினும் மிகக் குறைந்ததன்று. ஆகவே 1926 சனவரி 1 முதல் இவ்விரு தாள்களும் நிறுத்தப்பட்டன. தாளின் இடத்தை வெள்ளி மீண்டும் பெற்றது. தாளுக்காக இரங்கினார் இலர். சிறுமதிப்புத் தாள் காசாக மாறிய முதல் நிகழ்ச்சி இதுவாகும்.

இரண்டாம் உலகப்போரில் கதை திரும்ப நடந்தது. ஆயின் விரிவாக நடந்தது. 1940 சூனில் பிரான்சு வீழ்ந்த செய்தி பரவியபொழுது மக்கள் தாளைக் கொடுத்து வெள்ளி ரூபாயை வாங்கிச் சேமிக்கலாயினர். தேவைக்கு மிஞ்சிக் காசு சேர்ப்பது குற்றம் என்று அரசு ஆணையிட்டது. அவ்வாண்டிலேயே ஒரு ரூபாய்த் தாள் மீண்டும் வந்தது. இம்முறை ஓர் அரிய சட்ட நுணுக்கம் புகுத்தப்பட்டது. அவசரச் சட்டம் ஒன்றின்படி இத்தாள், தாளாக இருந்தும், ரூபாய் நாணயமாகவே கருதப்பெற்றது. அதனாலேயே அதில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் உறுதிமொழி இல்லை. நிதித்துறைச் செயலாளரின் கையெழுத்தே உண்டு. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டமும் ஒரு ரூபாய்த் தாளை ‘நாணயம்’ என்னும் சொல்லின் வரையறைக்குள்ளேயே அடக்குகின்றது. காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்னும் ஒரே சொல்லை வழங்கும் தமிழர்க்கு இவ்வரையறை வியப்பளிக்காது என்க.

வெள்ளிக் காசுக்கு நேர்ந்தது வேறு. புதிய ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. விக்டோரியா அரசியின் தலை பொறித்த ரூபாய் 1941 மார்ச்சுக்குப் பின்னும், எட்வர்டு மன்னரது 1942 மேக்குப் பின்னும் செல்லாதனவாக்கப்பட்டன. நல்ல வெள்ளியைத் தானையில் முடிந்து வைத்திருந்தவர்க்கு அது வெள்ளியாகவே எஞ்சிற்று, காசாக எஞ்சவில்லை. 1943இல் இரண்டு ரூபாய்த் தாள் வந்தது. 1947இல் ரூபாய் நிக்கலாயிற்று. போர் முடிந்தும் சிறு தாள்கள் 1926இற்போல் மறையவில்லை. அரை நூற்றாண்டுக் காலம் நிலைத்துவிட்டன.

எல்லைக்கு அப்பால் புதுச்சேரியில் இந்தோசீன வங்கி தன் பெயரில் தாள் வெளியிட்டு வந்தது. ஒரு ரூபாய்த் தாளும் அவற்றுள் ஒன்று. 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறிய பின்னரே விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே பணவேறுபாடு முற்றும் ஒழிந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் அணா போய் நயா பைசா வந்தது. இது கணக்கு முறையின் மாற்றமே ஆதலின் ஈண்டு விரித்துரைக்கப்படவில்லை.

சிறுமதிப்புத் தாள் காசாக மாறிய பெருநிகழ்ச்சி 1994, 1995ஆம் ஆண்டுகளுக்கு உரியது. புழக்கத்தில் இருந்த தாள்களின் எண்ணிக்கையில் பாதிக்குமேல் ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய்த் தாள்களாகவே இருந்தன. மதிப்பிலோ அவற்றின் பங்கு மிகச் சிறிது. அச்சகங்களின் ஆற்றல் முழுதும் ஓராண்டு தாங்காத தாளுக்குச் செலவாயிற்று. எனவே 1994இல் ஒரு ரூபாய்த் தாளும் 1995இல் ஏனைய இரண்டும் அச்சிடப்படாமல் நிறுத்தப்பட்டன. அவை செல்லாவென அறிவிக்கப்படவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. நைந்தும் கிழிந்தும் தாமாகவே அவை மறைந்தன. அவ்விடத்தைக் காசு நிரப்ப வேண்டும் என்பதே திட்டம்.

காசு உடனே நிரப்பவில்லை. நாணயச் சாலைகள் தேவைக்கு ஈடுகொடுக்க இயலாது திணறின. மாஸ்கோ, பிரிட்டோரியா, தென்கொரியாவின் தேகு, ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா முதலிய அயல்நாட்டுச் சாலைகளில் இந்தியக் காசு அடிக்கப்பட்டது. அக்காசுகளில் உள்ள சாலைக்குறிகளை இன்றும் காணலாம். 2001இல் ஐந்து ரூபாய்த் தாளை மீண்டும் அச்சிட நேர்ந்தது. நடுவிலிருந்த ஆண்டுகளில் கடைக்காரர் மீதிச் சில்லறைக்கு மிட்டாய் கொடுத்ததும், ஒட்டுப்போட்ட இரண்டு ரூபாய்த் தாளை யார் தலையில் கட்டுவது எனப் பேருந்துகளில் வழக்கு நிகழ்ந்ததும் பலர் அறிந்தனவே. மிட்டாயைக் கொடுப்பவன் கடைக்காரன். அதனையே கொடுத்துப் பொருள் வாங்க நுகர்வோனால் இயலாது. பழைய வட்டம் புதிய உருவில் மீண்டது என்றே கூறல் வேண்டும்.

ஐந்து ரூபாய்க் காசுக்கு மற்றோர் இடையூறும் இருந்தது. செம்பும் நிக்கலும் கலந்து 9 கிராம் எடையில் அடிக்கப்பெற்ற அக்காசின் உலோக விலை முகமதிப்பை நெருங்கிக் கடந்தபொழுது, உருக்குவார் கைக்கு அது போகலாயிற்று. 1917இல் வெள்ளிக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. பின்னர் எஃகுக்கும் நிக்கல் பித்தளைக்கும் காசு மாறி எடை குறைந்தது. இத்துணை இடர்ப்பாடுகளுக்கு இடையிலும் ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய்க் காசுகள் இவ்வட்டாரத்தில் வேரூன்றிவிட்டன என்பதில் ஐயமில்லை.

பத்து ரூபாய்க் காசின் கதி வேறாயிற்று. இரு உலோகத்தாலாகிய அக்காசு 2009இல் புழக்கத்துக்கு வந்தது. 2011இல் ரூபாய்க் குறியீடு சேர்ந்த புது வடிவமும் வந்தது. 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்ட பின்னர், குறியீடு இல்லாத காசு போலி என்றும், கதிர்க்கோடுகளின் எண்ணிக்கை மாறிய காசு போலி என்றும் வதந்தி பரவியது. சென்னையில் தடையின்றிச் சென்ற காசு, தமிழ்நாட்டின் வெளிமாவட்டங்கள் பலவற்றில் மறுக்கப்பட்டது. பதினான்கு வடிவங்களும் செல்லும் என ரிசர்வ் வங்கி 2018 சனவரி 17ஆம் நாள் அறிவித்தது. மறுப்பு அதனால் உடனே ஒழிந்துவிடவில்லை.

இதனை மக்களின் அறியாமை என்று ஒதுக்குவார் உளர். அக்கருத்து பொருந்தாது. கடைக்காரர்க்குக் காசின் உண்மையில் ஐயமில்லாதிருந்தும், மொத்த வணிகர் ஏற்பாரோ என்னும் ஐயம் இருந்தது. மொத்த வணிகர்க்கோ வங்கி எண்ணி வாங்குமோ என்னும் ஐயம். வங்கிகள் காசை மறுத்தல் கூடாதென 2018இல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்த நேர்ந்தமையே அவ்வையம் வெறும் கற்பனையன்று என்பதற்குச் சான்று. 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி ரூபாய்க் காசுகளைக் கொண்டு 1,000 ரூபாய் வரையிலேதான் ஒருவர் கட்டாயமாகச் செலுத்தலாம். தாளுக்கு அவ்வரம்பு இல்லை. ஆதலின் ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரை எண்ணியே மறுத்தனர். இச்சங்கிலியின் கடைக்கண்ணியில் நிற்பவர், கூலியாகப் பத்துக் காசைப் பெற்றுவிட்டு அதனைக் கொடுக்க இடமின்றித் திரும்புபவரே.

பத்து ரூபாய்க் காசுக்கும் ஐந்து ரூபாய்க் காசுக்கும் வேறுபாடு உலோகத்தில் இல்லை. தாள் உடனிருந்ததா என்பதிலேயே உளது என்பது எமது துணிபு. ஐந்து ரூபாய்க் காசு வேரூன்றிய ஆண்டுகளில் அதன் தாள் அச்சாகவில்லை. பத்து ரூபாய்த் தாளோ காசுடன் ஒருங்கே அச்சாகி வந்தது. மாற்றொன்று கையில் இருக்கும்பொழுது மறுப்பது எளிது. பிரிட்டன் 1983இல் ஒரு பவுன் காசை வெளியிட்டு 1988இல் அதன் தாளை விலக்கிற்று. கனடா 1987இல் ஒரு டாலர் காசை வெளியிட்டு 1989இல் அதன் தாளை நிறுத்திற்று. இரு நாட்டிலும் காசு நிலைத்தது. அமெரிக்கா 1979இலும் 2000இலும் டாலர் காசு வெளியிட்டும் தாளை விடவில்லை. காசு பெட்டகங்களிற் குவிந்தது. 1940இல் இந்நாட்டிற் காசும் தாளும் உடனிருந்தபொழுது மக்கள் காசைச் சிறந்ததெனக் கருதி ஒளித்தனர். 2016க்குப் பின் தாழ்ந்ததெனக் கருதி மறுத்தனர். காரணங்கள் நேர்மாறாயினும் விளைவு ஒன்றே. இரு காலத்தும் அங்காடியை விட்டு நீங்கியது காசு.

2020இல் பன்னிரண்டு முனைகளையுடைய இருபது ரூபாய்க் காசு புழக்கத்துக்கு வந்தது. இருபது ரூபாய்த் தாளின் அச்சு அதற்காக நிறுத்தப்படவில்லை.