ஒரு பிரதேச சபை தீயணைப்பும் அவசர மருத்துவமும் நடத்துவதென்றால்

2016 செப்டெம்பர் 16ஆம் திகதி இரவு கிளிநொச்சி பொதுச் சந்தை எரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் அழிந்தன. அன்று அந்த மாவட்டத்தில் தீயணைப்புப் பிரிவு என்று ஒன்று இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வாகனம் ஏ9 வீதியால் அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓடி வரவேண்டியிருந்தது. எரிந்த கடைகளில் பல, 2009க்குப் பின் மீளக்குடியேறி, கடன் எடுத்துத் தொடங்கிய கடைகள். கரைச்சி பிரதேச சபையின் கீழ் தீயணைப்புப் பிரிவு வந்தது இந்த எரிவுக்குப் பிறகுதான்.

வடக்கில் ஊர் ஊராக இதே கோரிக்கை இப்போதும் எழுகிறது. ஒரு கடை எரிந்தால் அடுத்த நாள் செய்தியில் ஒரு வசனம் கட்டாயம் இருக்கும்: எங்கள் பிரதேசத்துக்கும் ஒரு தீயணைப்பு வாகனம் வேண்டும். அந்தச் செய்திகளை நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் வாகனம் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை நாங்கள் அவ்வளவாக எழுதுவதில்லை. நாடா வெட்டும் படத்தோடு செய்தி முடிந்துவிடுகிறது.

முதலில் பொறுப்பு யாருடையது என்று பார்ப்போம். இலங்கையில் பொலிஸைப் போல, தபாலைப் போல, நாடு முழுவதற்கும் கிளை பரப்பிய ஒரு சேவையாகத் தீயணைப்பு வளரவில்லை. அது அடிப்படையில் உள்ளூராட்சி மன்றங்களின் வேலை. கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற மாநகர சபைகளுக்கு நீண்டகாலப் பிரிவுகள் உண்டு. வடக்கில் மொத்தம் 34 உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன; அவற்றில் பெரும்பாலானவை பிரதேச சபைகள். சந்தை வாடகை, ஆதன வரி, வியாபார உரிமக் கட்டணம் என்பவைதான் பிரதேச சபையின் சொந்த வருமானம். குப்பை அள்ளுவதற்கும் வீதி விளக்கு போடுவதற்குமே அது போதாமல் இருக்கும்போது, இரவு பகலாக ஆட்களை வைத்திருக்கும் ஒரு சேவையை அதே சபையிடம்தான் கேட்கிறோம்.

அவசர மருத்துவம் அப்படியல்ல. அது மத்திய அரசின் கீழ் வேறு ஒரு பாதையில் வந்தது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 யூலையில் இந்தியாவின் நன்கொடையோடு, 88 வாகனங்களுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018 யூலை 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் நடந்த நிகழ்வோடு வடக்குக்கு வந்தது. அதே ஆண்டு அதற்கெனத் தனிச் சட்டமும் நிறைவேறியது. இரண்டாம் கட்ட நன்கொடையோடு வாகனங்களின் மொத்தம் 297 ஆகியது. எந்தத் தொலைபேசியிலிருந்தும் 1990ஐ இலவசமாக அழைக்கலாம். அழைப்பு ராஜகிரியவில் உள்ள கட்டுப்பாட்டு நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து கிட்ட நிற்கும் வாகனத்துக்கு அறிவிப்பார்கள். வாகனத்தில் ஒரு சாரதியும், அவசர மருத்துவப் பயிற்சி பெற்ற ஒருவரும் இருப்பார்கள். கட்டணம் எதுவும் இல்லை.

அந்த இலக்கம் வடக்கில் பலருக்கு ஓர் ஆண்டாகத்தான் முதலில் ஒலிக்கும். போர் மீண்டும் மூண்ட ஆண்டு அது. வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட ஆண்டும் அதுதான். இலக்கம் தெரிவு செய்தவர்கள் அதை நினைத்திருக்கமாட்டார்கள். ஒன்று மட்டும் உண்மை, அது ஒருவருக்கும் மறக்காது.

நடைமுறையில் வேறு தயக்கங்களும் இருந்தன. இந்த வாகனங்களில் பல பொலிஸ் நிலைய வளாகங்களில் தரித்து நிற்பவை. அம்புலன்ஸைக் கூப்பிட்டால் பொலிஸும் வருமோ என்று கேட்ட தாய்மாரை நான் சந்தித்திருக்கிறேன். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு நோயாளர் காவு வண்டியின் சத்தமே வேறு காலத்தைக் கிளறும். 2009 பெப்ரவரி தொடக்கம் மே வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு புதுமாத்தளன் பக்கக் கரையிலிருந்து கப்பலில் ஏற்றிச் சென்ற காயக்காரர், நோயாளர், அவர்களோடு போனவர்கள் 13,000 பேருக்கும் மேல். கப்பலில் இடம் கிடைக்காதவர்களின் கதை எல்லா ஊரிலும் இருக்கிறது. அவசர சேவை பற்றி எங்கள் சனத்தோடு பேசுகிற எவரும், வண்டி வரும் என்று அவர்களை நம்பவைப்பதே பாதி வேலை என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

இனி தீயணைப்புப் பிரிவின் உள்வேலை. ஒரு பிரதேச சபையின் பிரிவில் சில நாட்கள் இருந்து பார்த்தேன். (எந்தச் சபை என்று எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.) நான் இருந்த நாட்களில் ஒரு அழைப்புத்தான் வந்தது, அதுவும் குப்பைமேட்டுப் புகை. மிச்ச நேரம் முழுக்கக் குழாய்களை விரித்துக் காயவைப்பது, பம்பியை ஓடவிட்டுப் பார்ப்பது, மின்கலம், எண்ணெய், டயர் பார்ப்பது. வேலை இல்லாமல் இருக்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் சொல்வார்களாம். தீயணைப்பில் சும்மா இருப்பதும் வேலைதான்; அதற்குத்தான் சம்பளம். இதைச் சபைக் கூட்டத்தில் விளங்கப்படுத்துவது கடினம், ஏனென்றால் வரவுசெலவுப் புத்தகத்தில் காத்திருப்புக்கு ஒரு தலைப்பு இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் தெரியும். ஒரு வாகனத்தோடு சாரதி உட்பட ஐந்து பேராவது போகவேண்டும்: ஒருவர் பம்பியில், இருவர் குழாயில், ஒருவர் நிலைமையைப் பார்த்துக் கட்டளையிட. எட்டு மணித்தியாலம் வீதம் மூன்று முறை வேலை என்றால் 15 பேர். வாராந்த ஓய்வு, லீவு, சுகவீனம் எல்லாம் சேர்த்தால் இருபதுக்கு மேல் வரும். ஒரு வாகனத்துக்கு இருபது பேர்! இந்த ஆளணிக்கு அனுமதி சபையின் கையில் இல்லை. கொழும்பில் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் வரை கோப்புப் போகவேண்டும். அனுமதி வராதபோது நடப்பது என்ன? வீதி வேலைக்கும் குப்பை வண்டிக்கும் எடுத்த தொழிலாளர்களைச் சில நாள் பயிற்சியோடு தீயணைப்பில் நிறுத்துவார்கள். அவர்களில் துணிச்சல்காரர் இருக்கிறார்கள். ஆனால் புகை நிறைந்த அறைக்குள் போவதற்குத் துணிச்சல் மட்டும் போதாது. முதுகில் மாட்டும் சுவாசக் கொள்கலன் ஏறத்தாழ அரை மணித்தியாலம்தான் தாங்கும், கடும் வேலையில் அதற்கும் குறைவு. அதை மீள நிரப்பத் தனி இயந்திரம் வேண்டும். அது பக்கத்து மாவட்டத்தில் இருந்தால் இரண்டாவது அழைப்புக்கு இவர்கள் வெறும் முகத்தோடுதான் போவார்கள்.

அடுத்தது தண்ணீர். இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் வாகனம் வாங்குபவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். ஒரு குழாய் நிமிடத்துக்கு 500 லீற்றர் அடிக்கிறது என்று வைப்போம். 4,000 லீற்றர் தாங்கி எட்டு நிமிடத்தில் வெறுமையாகும். கொழும்பின் மையப் பகுதிகளில் வீதியோரக் குழாயில் பொருத்தலாம். எங்கள் ஊர்களில் கிணறு, குளம், வாய்க்கால்தான். மேலே நிற்கும் பம்பி கீழிருந்து தண்ணீர் உறிஞ்சக்கூடிய ஆழம் நடைமுறையில் சுமார் ஏழு மீற்றர். அதற்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் எவ்வளவு பெரிய எஞ்சின் என்றாலும் இழுக்காது. அது காற்றழுத்தத்தின் கணக்கு. வன்னியில் பற்றை காய்ந்து, வைக்கோல் காய்ந்து, கிடுகு காய்ந்து தீ அதிகமாகப் பிடிப்பது ஆவணி, புரட்டாதியில். குளங்கள் வற்றிக் கிடப்பதும் அதே மாதங்களில். ஆகவே எந்தக் குளத்தில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்தக் கிணற்றடிக்கு வாகனம் போகும், எந்த மதகு அதன் பாரத்தைத் தாங்கும் என்று முன்கூட்டியே வரைந்து வைத்த ஒரு வரைபடம், இரண்டாவது வாகனத்தைவிடப் பெறுமதியானது. கூட ஓடுவதற்கு ஒரு தண்ணீர் பவுசர் இருந்தால் அரைவாசிப் பிரச்சினை தீரும். சபையிடம் குடிநீர் கொடுக்கும் பவுசர் ஏற்கனவே இருக்கும். வரட்சியில் அதை எதற்கு முதலில் விடுவது என்பது தவிசாளரும் செயலாளரும் தீ வருவதற்கு முன்பே எழுதி வைக்கவேண்டிய முடிவு.

எங்கள் மண்ணுக்கென்று ஓர் ஆபத்தும் உண்டு. காணியில் குப்பை கூட்டி எரிக்கும்போது மண்ணுக்குள் கிடந்த வெடிபொருள் வெடித்துக் காயப்பட்டவர்கள் வடக்கில் இருக்கிறார்கள். பற்றைத்தீயை அணைக்கப் போகிறவர்களுக்கும் இதே ஆபத்து. வெளிநாட்டுப் பயிற்சிப் புத்தகங்கள் காட்டுத்தீயைச் சுற்றி வளைத்து நடந்து அணைக்கச் சொல்லும். முல்லைத்தீவில் கண்ணிவெடி அகற்றாத, அல்லது அகற்றியும் சந்தேகம் தீராத காணி என்றால் வீதியில் நின்று பரவாமல் தடுப்பதே சரி. காடு எரியட்டும், ஆள் போகக்கூடாது. எந்தக் காணி துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்டது என்ற விபரம் மாவட்டச் செயலகத்தில் கேட்டுப் பெறக்கூடியது. அது தீயணைப்பு நிலையச் சுவரில் தொங்கவேண்டும்.

தீயும் மருத்துவமும் ஒரே கூரையின் கீழ் இருக்கவேண்டுமா? அமெரிக்காவின் கிராமப்புறங்களில் பெரும்பாலும் அப்படித்தான். அங்கு தீயணைப்பாளரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சம்பளமில்லாத தொண்டர்கள். அவர்களுக்கு வரும் அழைப்புகளில் அதிகமானவை தீ அல்ல, மருத்துவ உதவி. ஜேர்மனியின் சிறிய ஊர்களிலும் தீயணைப்பு தொண்டர்கள் கையில்தான். மணி அடித்தால் தச்சர் பட்டறையை விட்டும், விவசாயி வயலை விட்டும் ஓடிவருவார். அங்கும் இப்போது இளையோர் நகரத்துக்குப் போய்விட, நரைத்தவர்களே குழாய் பிடிக்கிறார்கள். எங்கள் ஊர்களில் இளையோர் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போய்விட்டார்கள். வியாதி ஒன்றுதான்.

இருந்தாலும் இந்த முறையிலிருந்து எடுக்கக்கூடியது ஒன்று உண்டு. இதயம் நின்ற ஒருவருக்கு மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவி கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம் வரை குறைகிறது. முல்லைத்தீவின் உட்கிராமத்துக்கு எந்த அம்புலன்ஸும் அந்த நேரத்துக்குள் வராது. நெடுந்தீவில் இரவில் நோயாளியைக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவரக் கடற்படைப் படகைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே முதல் பத்து நிமிடம் ஊரவர் கையில். விளையாட்டுக் கழகம், சனசமூக நிலையம், மாதர் சங்கம், கிராம அனர்த்த முகாமைத்துவக் குழு என்று ஆட்கள் சேரும் இடம் எங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் முதலுதவிப் படையும் பயிற்சி கொடுக்கின்றன. ஒருமுறை கொடுத்துச் சான்றிதழோடு படம் எடுத்தால் போதாது. ஆண்டுக்கொரு தடவையாவது திரும்பச் செய்யாவிட்டால் கை மறந்துவிடும்.

பாம்புக்கடி இதற்கு நல்ல உதாரணம். கட்டுவிரியன் இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி பெரிதாக இருக்காது, விடியும்போது கண் இமை தொங்கி, பிறகு மூச்சு நிற்கும். கண்ணாடி விரியன் வயலில் கடிக்கும். இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும். இரண்டுக்கும் மருந்து அரச வைத்தியசாலையில்தான். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், வெட்டி இரத்தம் விடுவதும் கேட்டைக் கூட்டும். கடித்த கை காலை அசைக்காமல் வைத்து, மோதிரம் காப்பைக் கழற்றி, உடனே ஏற்றவேண்டும். கடித்த பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக நேரம் செலவிடத் தேவையில்லை. இதைத் தெரிந்த நான்கு பேர் ஒரு கிராமத்தில் இருந்தால் அது பாதி அம்புலன்ஸ்.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை சில. 2025 மே மாதத் தேர்தலோடு சபைகளில் மீண்டும் தெரிவான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆண்டின் கடைசி மாதங்களில் அவர்கள் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தை வாக்குக்கு விடுவார்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடம் வாகனம் எப்போது வரும் என்று கேட்பதைவிட, இன்றிரவு எத்தனை பேர் கடமையில் நிற்கிறார்கள், ஆவணியில் எங்கே தண்ணீர் எடுப்பீர்கள், காயப்பட்டால் அவர்களுக்குக் காப்புறுதி உண்டா என்று கேளுங்கள். தீயணைப்புப் பிரிவு இல்லாத சபை என்றால், பக்கத்துச் சபையோடு எழுத்தில் உடன்பாடு உண்டா, எரிபொருள் செலவை யார் கொடுப்பது என்று கேளுங்கள். தீ எரியும்போது இரண்டு செயலாளர்கள் அதைத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

இலக்கங்களும் வீட்டில் இருக்கட்டும். மருத்துவத்துக்கு 1990, பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. அழைக்கும்போது பதற்றத்தில் வீட்டு இலக்கத்தைச் சொன்னால் வெளியூர்ச் சாரதிக்கு விளங்காது. கோயில், பாடசாலை, வாய்க்கால் இலக்கம், மதகு என்று சொல்லி, ஒருவரை ரோச் லைற்றோடு சந்திக்கு அனுப்புங்கள். தீயணைப்புக்கு உங்கள் பகுதிக்குப் பொறுப்பான பிரிவின் இலக்கத்தைச் சபையில் கேட்டு எழுதி வையுங்கள். அப்படியே ஓர் இரவில் அதற்கு ஒரு தடவை அழைத்தும் பாருங்கள். சில சபைகள் கொடுப்பது அலுவலக இலக்கம், மாலை 4.15க்குப் பிறகு அதை எடுக்க ஆள் இருக்காது.