ஐந்து சகோதரர்கள், ஒரே கப்பல், போய்ச் சேராத ஒரு செய்தி



இரண்டாம் உலகப் போரில் ஒரே நாளில் மூழ்கிய கப்பலோடு ஒரு தாய் தன் ஐந்து மகன்களையும் இழந்தார். "சல்லிவன் சகோதரர்கள்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐவரும் ஒன்றாகவே இறந்தார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நடந்தது அப்படியில்லை. கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வாட்டர்லூ என்றொரு ஊர். அப்பா ரயில்வே ஊழியர். ஜார்ஜ், பிராங்க், ஜோ, மாட், ஆல் என்று ஐந்து பையன்கள். மூத்தவருக்கு 27 வயது. கடைக்குட்டி ஆலுக்கு 20 தான். அவருக்குக் கல்யாணமாகி கைக்குழந்தையும் இருந்தது.

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதலில் இவர்களுடைய நண்பர் ஒருவர் இறந்துபோனார். அடுத்த மாதமே ஐவரும் கடற்படையில் சேர்ந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: "எங்களைப் பிரிக்கக் கூடாது." கடற்படையும் சம்மதித்து ஜூனோ என்ற போர்க்கப்பலில் ஐவரையும் ஏற்றியது.

அதே கப்பலில் இன்னொரு குடும்பத்தின் நான்கு சகோதரர்களும் இருந்தார்கள். அவர்களில் இருவர் இடையில் வேறு இடத்துக்கு மாறிப் போனார்கள். அந்த இருவர் பிழைத்தார்கள். ஜூனோவிலேயே இருந்த இருவர் இறந்தார்கள்.

1942 நவம்பர் 13. பசிபிக்கில் குவாடல்கனால் தீவுக்கருகே நள்ளிரவு தாண்டி நடந்த சண்டையில் ஜூனோ அடிபட்டது. விடிந்ததும் மற்ற கப்பல்களோடு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கப்பலில் காயம்பட்டவர்கள் அதிகம் என்பதால் ஜூனோவின் மருத்துவர் ஒருவரும் மூன்று உதவியாளர்களும் அங்கே அனுப்பப்பட்டார்கள். சிகிச்சை கொடுக்கப் போன அந்த நால்வரும் தப்பினார்கள்.

காலை 11 மணியளவில் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று எய்த டார்பிடோ தாக்கி ஜூனோ வெடித்துச் சிதறியது. ஒரு நிமிடத்துக்குள் கப்பலே காணோம்! ஒருவரும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று எண்ணி, மறுபடி டார்பிடோ வரும் என்று பயந்து, மற்ற கப்பல்கள் நிற்காமல் போய்விட்டன.

ஆனால் தண்ணீரில் சுமார் 100 பேர் உயிரோடு இருந்தார்கள்.

மேலே பறந்த பி-17 விமானத்துக்கு, "இங்கே ஆட்கள் இருக்கலாம், தலைமையகத்துக்குச் சொல்லுங்கள்" என்று விளக்கு சமிக்ஞை போனது. ரேடியோவில் பேச அனுமதியில்லை. விமானம் தரையிறங்கிய பிறகே தகவல் கொடுக்கப்பட்டது. அந்த அறிக்கை மற்ற காகிதங்களோடு காகிதமாகக் கிடந்தது. தேடுதல் முறையாகத் தொடங்கவே பல நாட்கள் ஆயின. கடலிலிருந்து மீட்கப்பட்டவர்கள் வெறும் 10 பேர்.

அந்தப் பிழைத்தவர்கள் சொன்னது இது: பிராங்க், ஜோ, மாட் மூவரும் வெடிப்பிலேயே போய்விட்டார்கள். ஆல் மறுநாள் மூழ்கினார். மூத்தவர் ஜார்ஜ் மட்டும் நான்கைந்து நாட்கள் மிதவையில் உயிரோடு இருந்தார். தம்பிகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடியே இருந்தார். கடைசியில் புத்தி தடுமாறி மிதவையை விட்டுக் கடலில் இறங்கினார். திரும்பவில்லை.

ஒரு மருத்துவனாக இங்கே ஒன்று சொல்லணும். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் சிறுநீரகத்தால் அவ்வளவு அடர்த்தியாக உப்பை வெளியேற்ற முடியாது. குடித்த உப்பை வெளியேற்ற, குடித்ததை விட அதிகமான தண்ணீரை உடம்பு இழக்கும். ரத்தத்தில் சோடியம் ஏறும். மூளை செல்கள் சுருங்கும். குழப்பம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, பிதற்றல் எல்லாம் வரும். குடிக்க நீரின்றி வெயிலில் கிடந்தாலே சோடியம் ஏறும். ஜார்ஜுக்கு நடந்ததும் இதுவாகவே இருக்க வேண்டும். துக்கத்தில் பைத்தியமானார் என்றும் சொல்வார்கள். துக்கம் இல்லாமல் இருக்குமா? ஆனால் அன்று அவருக்குத் தேவைப்பட்டது குடிதண்ணீரும் ஒரு படகும்.

1943 ஜனவரி 12 அன்று கடற்படையினர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எந்த மகன் என்று அப்பா கேட்டார். ஐவரும் என்று பதில் வந்தது. அந்தத் தாயும் தந்தையும் பிறகு ஊர் ஊராகப் போய்ப் போர்த் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். ஐவரின் படம் போட்ட சுவரொட்டி நாடெங்கும் ஒட்டப்பட்டது. அவர்கள் பெயரில் கப்பல் விட்டார்கள், சினிமா எடுத்தார்கள்.

இதற்குப் பிறகு சகோதரர்கள் ஒரே கப்பலில் பணிபுரியத் தடைச் சட்டம் வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அப்படி ஒரு சட்டம் நாடாளுமன்றத்தில் வரவே இல்லை. போரில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்தில் மிஞ்சிய ஒரே மகனைக் கட்டாயமாகப் படைக்கு எடுக்கக் கூடாது என்ற விதிதான் 1948-ல் சட்டமானது.

2018 மார்ச்சில் ஜூனோவின் சிதைவுகள் சுமார் 4,200 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டன.

சுவரொட்டியில் ஐவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை நினைக்கும்போது, மிதவையில் தனியாகக் கிடந்த ஜார்ஜையும் நினைத்துக்கொள்ளுங்கள். வார்டில் ஷிஃப்ட் மாறும்போது "சொல்லிட்டேன்" என்பதோடு நிறுத்தாமல், "அவருக்குப் போய்ச் சேர்ந்ததா?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள் என்று என் ஜூனியர்களிடம் நான் சொல்வதுண்டு. உங்கள் வேலை எதுவானாலும் உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.