வேளார்: வேளும் கோவும்

நெல்லை, தென்காசி வட்டாரங்களில் மண்பாண்டம் வனைவோருக்கு வேளார் என்று பெயர். காருகுறிச்சியிலும் செங்கோட்டையை அடுத்த தேன்பொத்தையிலும் தொழில் இன்னும் நடக்கிறது.

வேளாளர் என்பதே வேளார் எனச் சிதைந்தது என்றொரு கதை உலவுகிறது. இடையில் நின்ற 'ஆள்' எங்கே போயிற்று என்பதற்கு விடை இல்லை. குயவனின் பழம்பெயரான வேட்கோ, வேள்விக் கலம் வனைந்ததால் வந்தது என்பாரும் உளர். அப்படியானால் வேள்விக்கோ என்றல்லவா நின்றிருக்கும்? நாள் + காலை நாட்காலை ஆவது போல வேள் + கோ வேட்கோ. வேளோடு 'ஆர்' சேர வேளார். இதற்கு மேல் சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

இவற்றுள் கோ என்பது தனித்தே குயவனைக் குறித்தது. புறநானூறு 228, 256 இரண்டும் கலஞ்செய் கோவை விளித்து ஈமத்தாழி வனையச் சொல்பவை. கோவூர் கிழாரின் 32ஆம் பாட்டில் வேட்கோச் சிறார் சக்கரத்தில் பசுமண் திரளை வைக்கிறார்கள். ஆக, வேள் என்பது தொழிற்பெயரின் முன் ஏறிய சிறப்பு. அதே சிறப்பைப் பொதியில் தலைவன் ஆய் தாங்கினான். அவன் பெயரை நினைவூட்டும் ஆய்க்குடி தென்காசிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

குயவன் என்பது வேறு வழக்கு. திருநீலகண்ட நாயனாரைச் சுந்தரர் குயவனார் என்றார். சேக்கிழார் வேட்கோவர் குலம் என்றார். முயல் பேச்சில் முசல் ஆவது போலக் குயவன் குசவன் ஆனான். அதற்குக் குசப்புல்லைத் தேடி அலைவது வீண். குயவரைக் குறிக்கும் குலாலர் என்பது வடசொல்.

பெயரைப் போலவே கைமுறையும் பழையது. இன்று மின்சக்கரம் வந்துவிட்டது. ஆனாலும் சமையல் பானையின் அடியைச் சக்கரம் மூடித் தராது. அடி திறந்தபடி எடுத்த பானையை அரைகுறையாய் உலரவிட்டு, உள்ளே கல்லை அணைத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் மூட வேண்டும். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்தவை போன்ற பெரிய தாழிகளையோ சக்கரத்தில் ஒரே இழுப்பில் எடுக்கவே முடியாது. மண்ணைச் சுற்றடுக்காக ஏற்றித் தட்டி வளர்க்க வேண்டும். பழைய முறைக்குத் திரும்ப நினைக்கும் குயவர் கற்க வேண்டியது இந்தத் தட்டு வேலையைத்தான்.

தென்மாவட்டங்களில் ஐயனாருக்குக் குதிரை வனைபவரும் வேளார். பல கோயில்களில் பூசை செய்பவரும் அவரே. இறந்தோருக்குத் தாழியும் தெய்வத்துக்கு உருவும் தந்த கைக்கு ஊர் ஏற்றிய பட்டமே வேள் எனலாம். உழவை அதோடு முடிச்சுப்போடத் தேவையில்லை.